மூணாங்கைக்கு மூன்று பங்குதாரர்கள்

நகரியில் தறி வீட்டில் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. சித்தூருக்கு வந்து அடுத்தவன் பட்டறையில் கரி அள்ளி, வெல்டிங் வெளிச்சத்தில் கண் வீங்கி, பிறகு சொந்தமாகப் பட்டறை போட்டவன். முதல் கூரையைக் காற்று கொண்டுபோனது. இரண்டாவது, ரோடு அகலமானபோது போனது. மூன்றாவதைக் கூட்டாளி என் முதுகுக்குப் பின்னால் விற்றான். இப்போது இருப்பது நாலாவது. அதன் கீழேதான் இந்தப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளுக்குக் கொட்டை பிரிக்கும் மெஷின் செய்தேன். வெளியூர் இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்து, "இது ஓடாது" என்று ஆலை முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. அவர்தான் ரிட்டயர் ஆகிவிட்டார். நீராவிக் கொப்பரை செய்தேன். திருப்பதி ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்டீல் தொட்டி, தள்ளுவண்டி, கட்டில் எல்லாம் செய்தேன். இரண்டு மாடி வீடு கட்டினேன். மகளைப் படிக்க வைத்தேன். திருப்பதியில் வங்கி அதிகாரியாக இருக்கிறாள். கடன் கேட்டு ஒரு உறவுக்காரன் வாசலிலும் நான் நின்றதில்லை.

இதற்கெல்லாம் மேலே, மூணாங்கை செய்தேன். ஆபரேஷன் நடக்கும்போது அறுத்த வயிற்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஸ்டீல் கை அது. என் மூளையில் பிறந்தது. அதே கை என் மனைவியின் வயிற்றுக்குள் போவதாக இருந்த அந்தச் சில நாட்களில் எனக்குப் பிடித்த பயம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பம் ஆஸ்பத்திரியில் இல்லை, மாம்பழத்தில்தான். கூழ் ஆலையில் சூடான கூழைப் பெரிய துணிப் பையில் ஊற்றி வடிகட்டுவார்கள். பையின் வாயை விரித்துப் பிடிக்க இரண்டு ஆட்கள் வேண்டும். கூழ் தெறித்தால் கை வெந்துபோகும். கையை உதறினால் பை சரிந்துவிடும். அதற்காக நான் ஒரு வளையம் செய்தேன். வளையத்தைச் சுற்றி நாலு தகடு. தகடு பையின் விளிம்பைக் கவ்வி வெளிப்பக்கம் இழுக்கும். பல் சக்கரப் பூட்டு உண்டு. ஒரு பல் நகர்ந்தால் 'டக்' என்று சத்தம் வரும், பிறகு பின்வாங்காது. ஆட்கள் அதற்கு வைத்த பெயர்தான் மூணாங்கை.

ஒரு சீசனில் ஆலை வாசலில் மாங்காய் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அந்த வரிசையில் திருப்பதி சர்ஜன் ஒருவருடைய தோட்டத்துக் காயும் இருந்தது. தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். காய்க்கு என்ன விலை என்று கேட்க உள்ளே வந்தவர் விலையை மறந்துவிட்டு என் மூணாங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டு நேராக என் பட்டறைக்கு வந்தார்.

"பெத்தாயனா, இது நீங்க செஞ்சதா?"

தெலுங்கில் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வேற எவன் செய்வான் சார்?"

"இதே மாதிரி சின்னதா செய்ய முடியுமா? வயித்தைத் தொறந்து பிடிக்கறதுக்கு."

முடியாது என்ற வார்த்தையை நான் எந்த கிராக்கியிடமும் சொன்னதில்லை. நாற்காலி போட்டேன். அன்றே சாக்பீஸால் தரையில் படம் போட்டோம். உப்புக்கும் புளிப்புக்கும் துரு ஏறாத ஸ்டீல் வாங்கினோம். செய்ததை முதலில் வெட்டிய ஆட்டின் வயிற்றில் பூட்டிப் பார்த்தோம். டாக்டர் குனிந்து, தகட்டின் விளிம்பை விரலால் தடவி, "இந்த உதடு இன்னும் மழுங்கணும்" என்பார். நான் தேய்ப்பேன். அந்த ஆட்டை என் மனைவி குழம்பு வைத்தாள். டாக்டரும் உட்கார்ந்து சாப்பிட்டார். "வயித்தை ஆராய்ச்சி பண்ணிக்கினே அதையே துன்னுறீங்களே சார்" என்று அவள் சொன்னதற்கு அவர் புரையேறச் சிரித்தார்.

மூணாங்கை தயாரானதும் ஆயுத பூஜையன்று பங்கு பேசினோம். எங்கள் பக்கத்து வியாபாரிகள் திருமலைச் சாமியையும் ஒரு பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வார்கள். பங்கு பிரித்ததும் சாமியின் பங்கை மஞ்சள் துணியில் முடிந்து மலை ஏறி உண்டியலில் போட்டுவிட வேண்டும். அதில் கை வைக்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. ஆகவே ஆஸ்பத்திரிகளுக்கு மூணாங்கை விற்று வருகிற லாபத்தில் எனக்கு ஒரு பங்கு, டாக்டருக்கு ஒரு பங்கு, சாமிக்கு ஒரு பங்கு. கற்பூரம் ஏற்றி, பட்டறை ஆட்கள் எல்லோர் முன்னாலும் உரக்கச் சொன்னேன். டாக்டர் மட்டும் என்னைத் தனியே கூப்பிட்டு, அவர் பங்கு அவருடைய மாமியார் பெயரில் இருக்கட்டும் என்றார். மாமியார் மேல் இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் மாம்பழ சீசன் முடிந்து கணக்குப் பார்த்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், அதன் மேல் அவர்கள் பங்கு என்று வைத்து அந்த அம்மாளிடம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். காபி கொடுத்து அனுப்புவார்கள்.

டாக்டர் ஆராய்ச்சி ஆரம்பித்தார். சிலருக்குப் பழைய முறையில் ஆட்கள் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபரேஷன். சிலருக்கு மூணாங்கை. எந்தப் புண் சீக்கிரம் ஆறுகிறது, யாருக்கு வலி குறைவு என்று பார்ப்பதாகச் சொன்னார். நடுவில் ஒரு நாள் போன் வந்தது.

"பெத்தாயனா, உதட்டை இன்னும் கொஞ்சம் அகலமா, உருட்டா செய்யணும். ஒண்ணு ரெண்டு பேருக்குத் தகடு பட்ட இடத்துல தோல் கறுத்துப்போச்சு."

"அய்யோ சார். ஆறிடுச்சா?"

"பர்வாலேது, பர்வாலேது. ஒண்ணும் இல்ல. நீங்க செய்ங்க."

செய்தேன். பழைய தகட்டை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். நான் எதையும் தூக்கி எறிகிறவன் இல்லை.

பிறகு கட்டுரை வந்தது. வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகையாம். டாக்டர் ஒரு பிரதியை எனக்கே அனுப்பி வைத்தார். பளபளவென்ற தாளில் என் மூணாங்கையின் போட்டோ. நான் அதைப் பட்டறைச் சுவரில் மாட்ட ஆணியே அடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தபோது கையில் கொடுத்து, "படி, எல்லாத்தையும் படி" என்றேன்.

அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். மூணாங்கையால் வலி குறைவு, புண் சீக்கிரம் ஆறுகிறது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"என் பேரு எங்க கீது?"

அவள் புரட்டினாள். திரும்பப் புரட்டினாள். "நைனா, பேரு இல்ல. உள்ளூர்ல செய்யப்பட்ட கருவின்னு போட்டுக்கீறாங்க."

"உள்ளூருன்னா? உள்ளூரு பூராவும் சேந்தா செஞ்சிது?"

"கோவப்படாத. கடைசியா ஒண்ணு எழுதிக்கீறாரு. இந்தக் கருவியில எழுதினவருக்கு எந்தப் பண ஆதாயமும் இல்லைன்னு."

அந்த வரியைத் திரும்ப ஒரு தரம் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாள். அவள் முகத்தில் ஒரு மாதிரி சுருக்கம் வந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. என் மனசு வேறு பக்கம் போய்விட்டது. அவ்வளவு பெரிய டாக்டர், உலகமே படிக்கிற பத்திரிகையில், எனக்கு இதில் பணம் வேண்டாம் என்று அச்சில் போட்டுவிட்டார்! என் பெயரை விட்ட கோபம்கூட அடங்கிவிட்டது. பங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார் மனிதர், அதை என்னிடம் சொல்லிக்காட்டக்கூட இல்லை.

வேண்டாம் என்று ஒருவர் விட்ட பங்கு யாருக்குச் சேரும்? எனக்கு வராது, நான் எடுத்தால் திருட்டு. அது சாமிக்குத்தான். அந்த வருஷம் புரட்டாசிக் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் மஞ்சள் துணியில் இரண்டு முடிச்சுப் போட்டேன். ஒன்று சாமியுடையது, இன்னொன்று டாக்டர் விட்டது. இரண்டையும் உண்டியலில் போட்டேன். டாக்டரின் பெயர், நட்சத்திரம் சொல்லிக் கும்பிட்டேன். அவருக்காக ஒரு லட்டு தனியாக எடுத்து வைத்தேன். மாமியார் வீட்டுக்குத் தாம்பாளம் போகவில்லை.

இதே சமயத்தில்தான் என் மனைவிக்கு வலி வந்தது. மகள் பிறந்தபோது போட்ட சிசேரியன் தழும்பில் வருஷக்கணக்காக ஒரு புடைப்பு இருந்தது. ஹெர்னியா. வலிக்காதவரை அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது நிமிர முடியாமல் வலித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். அடுத்த ஆராய்ச்சி ஒன்று தொடங்கியிருக்கிறாராம். அதில் அவளையும் சேர்த்து, மூணாங்கை போட்டே செய்வதாகச் சொன்னார்.

"உங்க கையே உங்க வீட்டம்மாவைக் காப்பாத்தும் பெத்தாயனா."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாள் குறிக்க நான் மட்டும் திருப்பதி போனேன், லட்டோடு. அவர் அறையில் வேறு யாரும் இல்லை. லட்டை மேசையில் வைத்துச் சொன்னேன்:

"உங்க பங்கை மலையில சேத்துட்டேன் சார்."

அவர் லட்டை எடுக்கப் போன கை நின்றது. "எந்தப் பங்கு?"

"நீங்க வாணாம்னு விட்டது. மூணாங்கைப் பங்கு."

"நான் எப்போ வேணாம்னு சொன்னேன்?"

"பேப்பர்ல போட்டீங்களே சார். எந்த ஆதாயமும் இல்லைன்னு. என் பொண்ணு படிச்சா."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. அது எனக்கு நல்லதாகப் படவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அது பத்திரிகைக்காரங்களுக்காக எழுதறது பெத்தாயனா. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. பங்கு என் பேர்லயா இருக்கு? மாமியார் பேர்ல இருக்கு. அப்போ எனக்கு இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அப்போ இருக்குதா இல்லையா சார்?"

"இருக்கு. ஆனா இல்ல. உங்களுக்கு இதெல்லாம் புரியாது. உண்டியல்ல போட்டதை எடுக்கவா முடியும்? என்னைக் கேட்டிருக்கலாமே?"

"அச்சுல வந்ததை யாராவது கேப்பாங்களா சார்?"

அவர் சிரிக்க முயன்றார். "சரி விடுங்க. மாமியார்கிட்ட நான் பேசிக்கறேன். வெளியில மட்டும் யார்கிட்டயும் சொல்ல வேணாம். சென்னைலேர்ந்து ஒரு பெரிய கம்பெனி இதை வாங்கிச் செய்யக் கேக்குது. இந்த ரெண்டாவது ஆராய்ச்சியும் நல்லா வந்துட்டா உங்க மூணாங்கை நாடு பூரா போகும். வியாழக்கிழமை ஆபரேஷன். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகுதான் பயமே வந்தது. ஊர் திரும்பும் வழியில், கார் சந்திரகிரி தாண்டும்வரை ஒன்றும் தோன்றவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஆதாயம் இல்லை என்று எழுதியது பொய். சரி. அப்படியானால் வலி குறைவு என்று எழுதியது? புண் சீக்கிரம் ஆறுகிறது என்றது? ஒண்ணு ரெண்டு பேருக்குக் கறுத்தது என்றாரே, அது ஒண்ணு ரெண்டு பேர்தானா?

வீட்டுக்குப் போனதும் மகளுக்குப் போன் போட்டேன். தோல் கறுத்ததைப் பற்றி அந்தக் கட்டுரையில் எங்கேயாவது வருகிறதா என்று தேடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"எங்கயும் இல்ல நைனா. ஒரு வார்த்தகூட இல்ல. தகட்டை மாத்தினதும் இல்ல. எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

சும்மா இல்லை. உதட்டை உருட்டியது நான். பழைய உதட்டோடு எத்தனை பேருக்குச் செய்தார்கள், புதிய உதட்டோடு எத்தனை பேருக்கு, எது யாரை என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. கூழ்ப் பையைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். மனுஷன் வயிற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதைத் தெரிந்து சொல்வதற்குத்தான் டாக்டர். அவர் சொல்லில் அவர் பங்கு இருக்கிறது. எனக்கும் பங்கு இருக்கிறது. என் மனைவி வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

கேட்கவும் செய்தாள். புடவை மடித்துக்கொண்டே, "இந்தாய்யா, நீ செஞ்சதுதான, நல்லா புடிக்குமா?" என்றாள். "பிரமாதமா புடிக்கும்" என்றேன். வியாபாரத்தில் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

மறுநாள் பட்டறையில் ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். டப்பாவிலிருந்து பழைய தகட்டை எடுத்து இடது முன்கையின் சதையில் கவ்வ வைத்துப் பூட்டினேன். புதிய தகட்டை வலது கையில். 'டக்', 'டக்' என்று இறுகியது. பொறுக்கிற வரை பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழற்றியபோது இடது கையில் நீலமாக ஒரு கோடு. வலது கையில் அகலமாக ஒரு சிவப்பு. சிவப்பு நல்லது, நீலம் கெட்டது என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் பார்த்தால் வலது கைச் சிவப்பும் கறுக்க ஆரம்பித்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன். என் தோல் வெயிலில் காய்ந்த தோல். இரண்டு இடத்தில் தீப்புண் பட்டது. அவளுடைய வயிற்றுத் தோலைப் பற்றி இது என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது.

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குளிக்கப் போகும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? ரெண்டு கையிலயும் கம்பி சுட்டுக்கினியா?"

"மெஷின் பட்டுது."

"ரெண்டு கையிலயும் ஒரே எடத்துலயா?" அவள் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். தகட்டின் வளைவு அச்சாகப் பதிந்திருந்தது. அந்த வளைவு அவளுக்குத் தெரியும். எத்தனை தரம் அதைச் சமையல் மேடையில் வைத்து அவளுக்குக் காட்டிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. துண்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கேட்டிருக்கலாம்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகளும் லீவு போட்டு வந்தாள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்து உட்கார்ந்து, ஆராய்ச்சியில் சேர்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் தமிழில் நிதானமாகச் சொன்னார். பிடிக்கவில்லை என்றால் சேர வேண்டாம், சேராவிட்டாலும் ஆபரேஷன் நடக்கும் என்றார். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"இன்னொண்ணும்மா. இந்தக் கருவி செய்யற கம்பெனிக்கும் டாக்டருக்கும் எந்தப் பண சம்பந்தமும் கிடையாது. இதையும் நாங்க சொல்லணும்."

"கம்பெனியா? எந்தக் கம்பெனி?"

"சித்தூர்ல ஒரு கம்பெனிம்மா."

என் மனைவி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இதோ உக்காந்துகினு கீதே, இதான் கம்பெனி."

டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "நிஜமாவா?"

"எங்க பட்டறையில கற்பூரம் ஏத்தித்தான பங்கு போட்டாங்க? ஆட்டுக் குழம்பு நான்தான் வெச்சேன். டாக்டரோட மாமியாருக்கு வருசா வருசம் பழத்தட்டு போவுது." அவள் குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "இந்தாய்யா, சட்டக் கையைத் தூக்கிக் காட்டு. வாயால சொல்ல மாட்டேன்ற, கையையாவது காட்டு."

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவும். அந்த நேரத்தில் என் மனசில் என்னென்ன ஓடியது என்று சொல்லிவிடுகிறேன். சென்னைக் கம்பெனி ஓடியது. நாடு பூரா என்று டாக்டர் சொன்னது ஓடியது. எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் அப்படியே நடக்கும். ஆனால் மூணாங்கையை நான் செய்யவில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? நாலு கூரை போட்டவன் நான். அந்தப் பொய் மட்டும் எனக்கு வராது.

சட்டைக் கையை மடித்தேன். "நான்தான்மா செஞ்சேன்" என்றேன். "நான்தான் கம்பெனி. டாக்டருக்குப் பங்கு உண்டு, மாமியார் பேர்ல. சாமிக்கும் உண்டு. மொதல்ல செஞ்ச தகட்டுல சிலருக்குத் தோலு கறுத்துது. நான் உதட்டை உருட்டிக் குடுத்தேன். அப்பால என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதும்மா. அதான் பயமா கீது."

டாக்டரம்மா கையிலிருந்த தாள்களை மூடி வைத்தார். டாக்டரை வரச் சொன்னார்கள். அவர் வந்து நிலைமையைப் பார்த்ததும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பெத்தாயனா, இப்போ எதுக்கு இதெல்லாம்? வீட்டம்மாவோட உயிரா, இதுவா?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்" என்றாள் என் மனைவி படுக்கையிலிருந்து. "நல்ல பொருளா இருந்தா நல்லதுன்னு சொல்லுங்க. உங்க பொருளுன்னும் சேத்து சொல்லுங்க. எது எதுக்காக சொல்றீங்கன்னு நான் பிரிச்சிக்கிறேன். எனக்கு இந்தத் தடவ மனுசங்க கையே புடிக்கட்டும்."

டாக்டர் திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. டாக்டர்தான் முதலில் தரையைப் பார்த்தார்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. சனிக்கிழமை அதே ஆஸ்பத்திரியில் வேறொரு சர்ஜன் செய்தார். உதவி டாக்டர்கள் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகள் இட்லி வாங்கி வந்தாள், பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். உள்ளே என் மூணாங்கை ஏதோ ஒரு அலமாரியில் சும்மா கிடக்கிறது என்று நினைத்தபோது, பயம் போதாதென்று ஒரு ஆத்திரமும் வந்தது. ஒருவேளை அது நல்ல பொருளாகவே இருந்தால்? ஆட்களின் கை நடுங்கி அவளுக்கு ஏதாவது ஆனால், அதுவும் என்னால்தானே? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் பயம் அடியில் உட்கார்ந்திருந்தது.

கதவு திறந்தது. உதவி டாக்டர் ஒருவர் மணிக்கட்டை உதறிக்கொண்டே வந்து, "நல்லபடியா முடிஞ்சது" என்றார். அவர் மணிக்கட்டை உதறியதை நான் பார்த்துக்கொண்டேன். இதற்குத்தானய்யா செய்தேன் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவள் கண் விழித்ததும் கேட்டது, "கறுக்கலையே?" "இல்ல" என்றேன். இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு குழு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டது. பழைய தகடு, புதிய தகடு இரண்டையும் மேசை மேல் வைத்து எல்லாம் சொன்னேன். டாக்டர் எதிரே இருந்தார். குழு எழுந்து போன பிறகு அவர் என் தோளில் கை வைத்து, "பங்குல நீங்க என்னை என்னைக்கும் ஏமாத்தலை பெத்தாயனா" என்றார். அவரை நான் இன்னும் வெறுக்கவில்லை. ஆட்டுக் குழம்பு சாப்பிட்ட மனிதர். முதலில் தோல் கறுத்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கிறார்களாம். என்ன தெரிந்தது என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் அதுவோ என்று எடுக்கிறேன்.

பத்திரிகையில் ஒரு திருத்தம் போடப் போகிறார்கள். அதில் வரப்போவதை மகள் எனக்குப் படித்துச் சொன்னாள். எழுதியவரின் உறவினர் ஒருவருக்கு, கருவியைச் செய்கிற உள்ளூர்ப் பட்டறையில் பங்கு உண்டு. முன்பு சொல்லாமல் விட்டதற்கு வருந்துகிறோம். அவ்வளவுதான்.

மறுபடியும் உள்ளூர்ப் பட்டறை! தகடு மாறியதைப் பற்றி ஒரு எழுத்துக் கிடையாது.

மகள் சொன்னதால் நான் எழுதுகிற இதில் யார் பெயரையும் நான் போடவில்லை, என் பெயரையும் சேர்த்துத்தான். விசாரணை நடக்கிறது, வேண்டாம் நைனா என்றாள். சரி. ஆனால் அந்தத் திருத்தத்தில் போட வேண்டும். அந்தப் பத்திரிகைக்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக் குழுவுக்கும் நான் சொல்வது இதுதான். வளையத்தை நினைத்தவன் நான், செய்தவன் நான் என்று என் முழுப் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே இதில் இவனுக்குப் பங்கு உண்டு, டாக்டருக்குப் பங்கு உண்டு, சாமிக்கும் உண்டு என்று மறைக்காமல் எழுதுங்கள். முதல் தகட்டில் தோல் கறுத்தது, இவன்தான் அதன் உதட்டை உருட்டினான் என்றும் எழுதுங்கள். புண் ஆறியது என்கிற இடத்தில் என் பெயர் வரவேண்டும். கறுத்தது என்கிற இடத்திலும் வரவேண்டும். இரண்டும் என் வேலை. ஒன்றைக்கூட ஊர் தலையில் கட்ட நான் விடமாட்டேன்.